மொட்டுன்னா பாஸா, பெயிலா?

தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நண்டு வலையைத் திண்ணையில் போட்டுச் சிக்கெடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதே நேரத்தில் என் வீட்டு முற்றத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கும். தமிழ்நாடு அரசின் இல்லம் தேடிக் கல்வி என்ற மாலை வகுப்புத் திட்டம் வந்தபோது தன்னார்வலராகச் சேர்ந்தவள் நான். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. ஒரு நாள் எதிர்வீட்டு அக்கா வலையைக் கீழே வைத்துவிட்டு, பெற்றோர் கூட்டத்தில் எழுதிக் கொடுத்த தாளோடு வந்தார். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகனுடையது. தமிழுக்கு நேரே ‘மலர்’ என்றும் கணக்குக்கு நேரே ‘மொட்டு’ என்றும் இருந்தது.

“ஏம்மா, மார்க்கே போடல. மொட்டுன்னு எழுதியிருக்கு. மொட்டுன்னா பாஸா, பெயிலா?”

“ரெண்டும் இல்லக்கா.”

“ரெண்டும் இல்லாம அது என்ன பரீட்சை?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அன்றைக்கு நான் சொன்ன பதில்தான் உருப்படியாக இல்லை. அதையே இங்கே நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

கடற்கரையில் ஒரு பையனின் நீச்சலைப் பற்றி இரண்டு விதமாகக் கேட்கலாம். “பத்துப் பேரில் யார் முதலில் வந்தது?” என்று கேட்கலாம். “நங்கூரம் போட்டு நிற்கும் வள்ளத்திலிருந்து கரை வரைக்கும் தனியாக நீந்தி வந்துவிடுவானா?” என்றும் கேட்கலாம். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல மற்ற ஒன்பது பேரும் வேண்டும். இரண்டாவதற்கு வள்ளமும் கரையும் போதும். மகனைத் தொழிலுக்குக் கூட்டிப் போக நினைக்கும் அப்பா இரண்டாவதைத்தான் கேட்பார். பத்துப் பேருமே பாதித் தூரத்தில் மூச்சு முட்டி நின்றாலும், அவர்களிலும் ஒருவன் ‘முதலாவது’ ஆகிவிடுவான் அல்லவா?

பள்ளிக்கூட விஷயத்தில் நாம் பழகிப்போனது முதல் கேள்விக்கு. ரேங்க் கார்டு என்று அந்தத் தாளுக்குப் பெயரே வைத்திருந்தோம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்தால் மாநிலத்தில் முதலிடம் யார் என்று செய்தித்தாளில் படம் தேடுவோம். 2017இல் தமிழ்நாடு அரசு அந்த ரேங்க் அறிவிப்பை நிறுத்திய பிறகும் தேடினோம். ‘மொட்டு’ இரண்டாவது கேள்விக்கான பதில். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளில் வைத்துக் கற்றுக்கொடுக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எந்த நிலை என்பதற்கும் இவன் நிலைக்கும் சம்பந்தமில்லை. எதிர்வீட்டுப் பையன் தமிழில் வகுப்புக்குரிய இடத்துக்கு வந்துவிட்டான், கணக்கில் அங்கே போக இன்னும் ஒரு படி இருக்கிறது. தாள் சொல்வது அவ்வளவுதான்.

பாஸ், பெயில் ஏன் இல்லை என்பதற்குச் சட்டத்திலும் பதில் இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது. 2019இல் மத்திய அரசு அதைத் திருத்தி, 5, 8 வகுப்புகளில் தேர்வு வைத்து நிறுத்தலாம் என்று மாநிலங்களுக்கு வழிவிட்டது. தமிழ்நாடும் அந்த வருடம் பொதுத்தேர்வு என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பி 2020 பிப்ரவரியில் கைவிட்டது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு என்ற அந்தச் சில மாதங்களில் எங்கள் பகுதித் தாய்மார்கள் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. அதை விடுங்கள்.

தரம் என்ற சொல் படுத்தும் பாடு

தமிழில் ‘தரம்’ என்ற ஒரே சொல்லை இரண்டு காரியத்துக்கு வைத்திருக்கிறோம். “தரமான பள்ளிக்கூடம்” என்றால் டை, ஷூ, வேன், இங்கிலீஷ். அது ஒசத்தி, மட்டம் என்ற பொருளில் வரும் தரம். பாடத்துக்கான தரம் என்பது வேறு. எடைக்கல்லில் முத்திரை குத்துவார்களே, அந்த மாதிரி: இந்த வகுப்பு முடிக்கும்போது பிள்ளைக்கு இன்னது தெரிந்திருக்க வேண்டும், இன்னது செய்ய வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்த அளவு. ஆசிரியர்கள் அதைக் கற்றல் விளைவு என்பார்கள். மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. 2017இல் ஒன்று முதல் எட்டு வரை வகுப்புவாரியாக, பாடவாரியாக அதைப் பட்டியல் போட்டு வெளியிட்டது.

அந்தப் பட்டியலில் மூன்றாம் வகுப்புக் கணக்கில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் பெற்றோர் பாதிப் பேர் ஏமாந்து போவார்கள். 999 வரை எண்களை இட மதிப்பு அறிந்து படிக்க, எழுத, ஒப்பிட வேண்டும். மூன்று இலக்க எண்களைக் கூட்டி, கழித்து, அன்றாடக் கணக்குகளுக்கு விடை காண வேண்டும். நீளத்தைச் சென்டிமீட்டரிலும் மீட்டரிலும் அளக்க வேண்டும். வாய்ப்பாடு? 2, 3, 4, 5, 10. அவ்வளவே.

ஆனால் டியூஷனில் பதினாறாம் வாய்ப்பாடு ஓடுகிறது. ஓடட்டும், தப்பில்லை. அதே பிள்ளையிடம் “ஒரு கூடையில 5 நண்டு, 4 கூடைல எத்தனை?” என்று கேட்டுப் பாருங்கள். “டீச்சர், இது கூட்டல் கணக்கா பெருக்கல் கணக்கா?” என்று திருப்பிக் கேட்கும். வாய்ப்பாட்டை ஒப்பிப்பது ஒரு திறமை. எங்கே பெருக்குவது என்று தெரிவது இன்னொன்று. கற்றல் விளைவு கேட்பது இரண்டாவதை. ‘பெருக்கல் வாய்ப்பாடுகளை உருவாக்கிப் பயன்படுத்துவார்’ என்று இருக்குமே தவிர, ‘ஒப்பிப்பார்’ என்று இருக்காது. அந்த வினைச்சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. பட்டியலைப் படிக்கும்போது பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினைச்சொல்லைப் பாருங்கள்: அறிவார், ஒப்பிடுவார், காரணம் சொல்வார், அளப்பார்.

இதற்கு மேலேயும் கீழேயும் சில அடுக்குகள் உண்டு. மேலே இருப்பது கலைத்திட்டம். பிள்ளைகள் எதற்காகப் படிக்கிறார்கள், என்னென்ன படிக்க வேண்டும், எப்படிக் கற்பிப்பது, எப்படி மதிப்பிடுவது என்ற ஒட்டுமொத்த ஏற்பாடு. அதிலிருந்து இறங்குவது பாடத்திட்டம்: எந்த வகுப்பில் எந்தப் பாடப்பொருள். அதற்கும் கீழேதான் பாடநூல். நம் கைக்கு வருவது பாடநூல் ஒன்றே என்பதால், புத்தகம் முடிந்தால் படிப்பு முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். “சிலபஸ் முடிச்சாச்சு” என்று மார்ச்சில் ஆசிரியர் சொல்வது அவர் முடித்ததைப் பற்றியது. பிள்ளைக்கு என்ன வந்தது என்பது அந்த வாக்கியத்தில் இல்லை.

யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்டால், 1976இல் அரசியல் சட்டத்தின் 42ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அதனால் டெல்லியும் சென்னையும் இரண்டுமே பேசும். நம் பள்ளிகளுக்குப் பாடத்திட்டம் வகுப்பது சென்னையில் இருக்கும் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம். ஒரு காலத்தில் இங்கேயே மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நாலு வழி இருந்தது. சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010இல் வந்து, 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வரை போய் நிலைபெற்ற பிறகு நாலும் ஒன்றானது. 2018இலிருந்து புதிய புத்தக வரிசை வந்தது.

தப்பான விடையும் பேசும்

எல்லாத் தேர்வும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ராமேஸ்வரத்தில் கலாம் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது சிவசுப்பிரமணிய ஐயர் பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் வரைந்து விளக்கிவிட்டு, “புரிந்ததா?” என்று கேட்டதும், புரியவில்லை என்று பிள்ளைகள் சொன்னதும், அன்று மாலையே அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போய்ப் பறவைகளைக் காட்டியதும் நம் ஊரில் ஆயிரம் முறை மேடையேறிய கதை. ராமநாதபுரம், பள்ளிக்கூடம் என்றாலே கலாமை இழுப்பது எனக்கும் அலுப்புதான். ஆனால் அந்தக் கதையில் எல்லோரும் பறவையையே பார்க்கிறார்கள். நான் பார்ப்பது அந்தக் கேள்வியை. “புரிந்ததா?” என்று கேட்டார், இல்லை என்று பதில் வந்தது, பாடம் நடத்தும் விதத்தை அன்றைக்கே மாற்றினார். இதற்குப் பெயர் வளரறி மதிப்பீடு. மார்க் இல்லை, தாள் இல்லை. பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டு, அடுத்து என்ன செய்வது என்று தீர்மானிப்பது.

பருவம் முடிந்து, எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கூட்டிப் பார்ப்பது தொகுத்தறி மதிப்பீடு. தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது வளரறிக்கு 40, தொகுத்தறிக்கு 60 என்று பிரித்தார்கள். பிறகு பொதுத்தேர்வு, அது சான்றிதழ் கொடுக்கும் தேர்வு. பத்தாம் வகுப்பில் 100க்கு 35 எடுத்தால் தேர்ச்சி. கடைசியாக, யாருக்கும் மார்க் கொடுக்காத ஒரு வகை இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன்.

‘தரப்படுத்திய தேர்வு’ என்று சொல்வது எதை? எல்லோருக்கும் ஒரே கேள்வி அல்லது ஒரே கடினமுள்ள கேள்வி, ஒரே நேரம், ஒரே அறிவுரை, ஒரே திருத்தும் முறை. திருவாடானையில் எழுதினாலும் பாம்பனில் எழுதினாலும் திருத்துபவரின் மனநிலையைப் பொறுத்து மார்க் மாறக் கூடாது. அதனால்தான் நாலு விடைகளில் ஒன்றைத் தேர்வுசெய்யும் கேள்வியும், வட்டத்தைக் கறுப்பாக்கும் ஓ.எம்.ஆர். தாளும் இதில் அதிகம்.

நாலு விடை என்றதும் பலருக்கு இளக்காரம். “ஒத்தையா ரெட்டையா போட்டே பாஸ் பண்ணிரலாமே.” கேள்வியை ஏனோதானோவென்று செய்திருந்தால் அப்படித்தான். நன்றாகச் செய்த கேள்வியில் தப்பான விடைகள் மூன்றும் காரணத்தோடு இருக்கும். ஒன்று போட்டுக் காட்டுகிறேன்.

அம்மாவிடம் 302 ரூபாய் இருந்தது. ஐஸுக்கு 148 ரூபாய் கொடுத்தார். மீதி எவ்வளவு?

450. 246. 164. 154.

சரியான விடை 154. ஒரு பிள்ளை 450ஐக் கறுப்பாக்கினால் அது கழிக்கத் தெரியாத பிள்ளை என்று சொல்லிவிட முடியாது. இரண்டு எண்ணைப் பார்த்ததும் கூட்டிவிட்டது, கேள்வியைப் படிக்கவில்லை. அதற்குக் கணக்குப் பாடத்தைவிட வாசிப்புப் பயிற்சி உதவலாம். 246 போட்ட பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது: 3லிருந்து 1 போனால் 2, 4லிருந்து 0 போனால் 4, 8லிருந்து 2 போனால் 6. மேலே இருப்பதிலிருந்து கீழே இருப்பதைத்தான் எடுக்க வேண்டும் என்பதே அதற்குப் பிடிபடவில்லை; கடன் வாங்குவது அதற்கு அப்புறம். 164 போட்ட பிள்ளைக்கோ கடன் வாங்கத் தெரிகிறது. நடுவில் இருக்கும் சுழியம் நூறிலிருந்து வாங்கிப் பத்தானது, அதிலிருந்து ஒன்றுகள் இடத்துக்கு ஒன்றைக் கொடுத்தது, கொடுத்ததை மறந்துவிட்டது. ஒன்பதாக இருக்க வேண்டிய இடத்தில் பத்தையே வைத்துக்கொண்டு 4ஐக் கழித்து 6 போட்டுவிட்டது.

மூன்று பிள்ளைக்கும் மார்க் சுழியம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. 164 பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும், 246 பிள்ளைக்குப் பத்து நாள் குச்சிக்கட்டு வைத்து விளையாட வேண்டும். மார்க்கை மட்டும் பதிந்துவிட்டுத் தாளைக் கட்டி வைத்தால் இந்தத் தகவல் எல்லாம் கட்டோடு போய்விடும். தேர்வு வைப்பதை நான் எதிர்ப்பவள் இல்லை. வைத்துவிட்டு, எந்த விடை எத்தனை பேர் போட்டார்கள் என்று பார்க்காமல் விடுவதுதான் எனக்குத் தாங்காது.

நெத்திலிக் கூடைக்குள் கை

ஏலத்துக்கு வரும் நெத்திலிக் கூடையின் மேற்பரப்பு எப்போதும் பளபளப்பாகத்தான் இருக்கும். பழகிய வியாபாரி அதைப் பார்த்து விலை சொல்ல மாட்டார். கையை அடிவரைக்கும் விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்ப்பார். அந்த ஒரு பிடியை வைத்து முழுக் கூடைக்கும் விலை வைப்பார்.

யாருக்கும் மார்க் கொடுக்காத தேர்வு என்றேனே, அது இதுதான். பிள்ளைகளுக்கு எவ்வளவு வந்திருக்கிறது என்று நாடு முழுக்கப் பார்க்கும் தேசிய அடைவு ஆய்வு. ஆசிரியர்கள் வாயில் ‘நாஸ்’. 2017 நவம்பர் 13இல் 3, 5, 8 வகுப்புகளுக்கும், 2021 நவம்பர் 12இல் அவற்றோடு பத்தாம் வகுப்புக்கும் நடந்தது. 2024 டிசம்பர் 4இல் பரக் என்ற புதிய அமைப்பு 3, 6, 9 வகுப்புகளுக்கு நடத்தியது. 781 மாவட்டங்களில் 74 ஆயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகள், 21 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள். எந்தப் பள்ளி என்பதையும், அந்தப் பள்ளியில் பிள்ளைகள் நிறைய இருந்தால் யார் எழுதுவது என்பதையும் குலுக்கல் முறையில் எடுப்பார்கள். தலைமை ஆசிரியர் தனக்குப் பிடித்த பிள்ளைகளை உட்கார வைத்தால் அது கூடையின் மேற்பரப்பாகிவிடும்.

ஒரு பிடியை வைத்துக் கூடையைப் பற்றிச் சொல்லலாம். கூடைக்குள் இருக்கும் தனி மீனைப் பற்றிச் சொல்ல முடியாது. “எம் பையனும் அந்தப் பரீட்சை எழுதினான், எத்தனை மார்க்?” என்று யாராவது கேட்டால் பதிலே கிடையாது. இரண்டு பிள்ளைகள் கையில் வேறுவேறு கேள்விகள் இருந்திருக்கலாம். மாவட்டத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை சதவீதம் பேருக்கு 99க்குள் எண்களை வரிசைப்படுத்த வருகிறது என்பதைப் போன்ற கேள்விக்குத்தான் அதில் விடை உண்டு.

இந்தக் கூடையையும் எந்த நாளில் திறந்தார்கள் என்று பார்க்க வேண்டும். கொரோனாவில் மூடிய ஒன்று முதல் எட்டு வகுப்புகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1இல்தான் திறந்தன. பதினோரு நாள் கழித்து நாஸ். அன்று மூன்றாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பைக்கூட முழுதாகப் பள்ளியில் முடிக்காதவர்கள், இரண்டாம் வகுப்பைக் கண்ணால் பார்க்காதவர்கள். அந்த எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு “ஆசிரியர்கள் ஒன்றும் நடத்தவில்லை” என்று பேசியவர்களை நான் கேட்டிருக்கிறேன். அளவு சரியாக இருக்கலாம், ஆனால் அது அளந்தது பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தை.

இன்னொரு குழப்பம் வருடா வருடம் வரும். மே மாதம் “ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்ணூறுக்கு மேல் தேர்ச்சி” என்று பத்தாம் வகுப்பு ரிசல்ட்டைப் பார்த்து மகிழ்வோம். வேறொரு நாள் வேறொரு ஆய்வு, பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கே வகுத்தல் வரவில்லை என்று சொல்லும். எது பொய்? இரண்டும் பொய்யில்லை. பொதுத்தேர்வு எந்தப் புத்தகத்திலிருந்து வரும், எத்தனை மார்க் கேள்வி எத்தனை என்று முன்கூட்டியே தெரியும். வருடம் முழுக்க அதற்குப் பழக்குகிறோம். தாண்ட வேண்டிய கோடு 35. ஆய்வுத் தேர்வில் பழகாத பத்தியைக் கொடுத்துப் படித்துச் சொல் என்பார்கள். துறைமுகத்து வாய்க்காலில் கண்ணை மூடிக்கொண்டு படகை ஓட்டுபவன் புதுக் கடலில் தடுமாறலாம் அல்லவா?

பழகாத கடலில் நாமும் ஒரு முறை இறங்கிப் பார்த்தோம். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்காக, பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த ஓ.இ.சி.டி. அமைப்பு 2000இலிருந்து நடத்திவரும் பிசா தேர்வில், 2009 சுற்றின் நீட்சியாக இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. பங்கேற்றவற்றில் ஏறக்குறையக் கடைசி வரிசை. தமிழ்நாட்டின் கணக்கு அளவு 351. இதை 1000க்கு 351 என்றோ, 35 சதவீதம் என்றோ படிக்கக் கூடாது. வளர்ந்த நாடுகளின் சராசரி 500ஐ ஒட்டி வருமாறு அமைத்த அளவுகோல் அது. கேள்விகள் நம் பிள்ளைகளின் வாழ்க்கைக்கு ஒட்டவில்லை என்று ஒரு பக்கம் சொன்னார்கள். அதன் பிறகு வந்த சுற்றுகளில் இந்தியா சேரவில்லை. தராசு கோணல் என்றால் கோணலைக் காட்டியிருக்கலாம். தராசுப் பக்கமே போகாமல் இருந்தது எனக்கு ஒப்பவில்லை.

நம் மாவட்டத்துக்கு இந்த எண்களில் தனி அக்கறை உண்டு. 2018இல் நிதி ஆயோக் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று நாடு முழுக்கத் தேர்ந்தெடுத்தபோது தமிழ்நாட்டிலிருந்து இரண்டு: விருதுநகர், ராமநாதபுரம். அந்தத் திட்டத்தில் மாவட்டங்களை வரிசைப்படுத்தும் கணக்கில் கல்விக்கு 30 சதவீதம். பள்ளியில் கழிப்பறை, குடிநீர் இவற்றோடு பிள்ளைகளின் மொழி, கணக்கு அடைவும் அதில் வரும். பின்தங்கிய பகுதிமேல் கவனம் விழுவது நல்லதுதான். ஆனால் எண்ணுக்கு மரியாதை கூடக்கூட எண்ணை ஏற்றும் வித்தையும் கூடும். எடைக்குக் காசு என்றால் மீனோடு ஐஸும் எடையேறுவதை நாம் பார்க்காததா? டொனால்ட் கேம்பல் என்ற அமெரிக்கச் சமூக அறிவியலாளர் 1970களில் இதையே சொல்லி, அவர் பெயரில் ஒரு விதியாகவே நிற்கிறது. ஒரு பள்ளியில் நாஸுக்கு முந்தைய இரண்டு வாரம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் காலை முழுக்க வட்டத்தைக் கறுப்பாக்கப் பழகியதை நேரிலேயே பார்த்தேன். தாளைப் பார்த்துப் பயப்படாமல் இருக்க ஒரு நாள் பழக்கினால் போதும். மற்ற நாட்களில் அந்தப் பிள்ளைகள் கதை படித்திருக்கலாம்.

தராசில் ஏறாதது

ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் அம்மாவோடு நண்டு விற்கும். கிலோ 450 என்றால் 600 கிராமுக்கு எவ்வளவு? நான் விரலை மடக்குவதற்குள் “அரைக் கிலோ 225, நூறு கிராம் 45, 270 கொடுங்க” என்றாள். அதே 450ஐ 0.6ஆல் பெருக்கச் சொல்லி நோட்டில் கொடுத்தேன். 2700 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு முடித்தாள். பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் பொருள் விற்கும் பிள்ளைகளிடம் இதையே சோதித்துப் பார்த்து 1985இல் ஓர் ஆய்வு வெளியானது. விற்கும் இடத்தில் கேட்டபோது 100க்கு 98 சரி. அதே கணக்கை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37. ஐந்தே பிள்ளைகள், சின்ன ஆய்வுதான். ஆனால் அந்தப் பெண்ணைப் பார்த்த பிறகு எனக்கு அதில் சந்தேகம் வரவில்லை.

இதிலிருந்து தாள் கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 600 கிராமுக்குச் சொன்னவளால் 635 கிராமுக்குச் சொல்ல முடியவில்லை. அங்கே தாள் வேண்டும். நான் சொல்வது, தாளில் வரவில்லை என்பதற்காக அவளுக்குக் கணக்கே வராது என்று முடிவு கட்டக் கூடாது என்பது. நல்ல தேர்வு செய்பவர்கள் இதற்காகவே கேள்விகளை முதலில் சில இடங்களில் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகள் மட்டும் காரணமில்லாமல் தப்புப் போட்டால் அந்தக் கேள்வியை எடுத்துவிடுவார்கள். மின்தூக்கியில் ஏறி இறங்கும் கணக்கு நகரத்துப் பிள்ளைக்குக் கணக்கு. அதில் ஏறியே இராத ஓலைக்குடாப் பிள்ளைக்கு அது முதலில் ஒரு விடுகதை.

அம்மா பாசி எடுக்கப் போகும் நாட்களில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கும் பிள்ளையையும் எந்தத் தாளும் பார்ப்பதில்லை. தேர்வு நாளில் அவள் வந்திருந்தால் மார்க் குறையும், வராவிட்டால் கணக்கிலேயே வர மாட்டாள்.

மார்க் என்பதே கொஞ்சம் ஆடக்கூடியது என்பதையும் சொல்லியாக வேண்டும். வாடைக்காற்றில் தராசைப் பிடித்தால் முள் நிற்காது. அன்றைக்குக் காய்ச்சலா, தெரிந்த பாடத்திலிருந்து இரண்டு கேள்வி வந்ததா என்பதிலேயே நாலைந்து மார்க் போய் வரும். அரையாண்டில் 71, இப்போது 68 என்று பிள்ளையைத் திட்டும் பெற்றோர் திட்டுவது காற்றை.

அப்படியானால் பெற்றோர் எதைத்தான் கேட்பது? “எத்தனை மார்க்?” என்று கேட்டால் ஓர் எண் கிடைக்கும், வீட்டுக்கு வரும்வழியில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. “இவனுக்கு எது வருது, எது வரல, வராததுக்கு இந்த மாசம் நீங்க என்ன செய்றீங்க, வீட்ல நான் என்ன செய்யணும்?” என்று கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான். வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டு டீ குடித்து வருவதற்கு மட்டும் அந்தக் குழு இல்லை. நாஸ் முடிவில் நம் மாவட்டம் எந்தத் திறனில் தடுமாறுகிறது, நம் பள்ளியில் அது எப்படி என்று அங்கே கேட்கலாம்.

வீட்டிலும் பார்க்கலாம். பிரதம் அமைப்பு 2005இலிருந்து நடத்தும் ஏசர் ஆய்வில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, எழுத்து, சொல், சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவுக் கதை என்று படிப்படியாகப் படிக்கச் சொல்வார்கள். கணக்கில் கடன் வாங்கிக் கழித்தல், ஓரிலக்க எண்ணால் வகுத்தல். சில நிமிட வேலை. பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு கதையை எடுத்துக்கொள்ளுங்கள், பாடப்புத்தகம் மனப்பாடமாகியிருக்கும். படித்து முடித்ததும் “அப்புறம் என்ன ஆச்சு?” என்று மட்டும் கேளுங்கள். திட்டாமல் கேட்க வேண்டும். அதுதான் கஷ்டம்.

இவ்வளவையும் எதிர்வீட்டு அக்காவிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. அந்த 302, 148 கணக்கை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, எந்தத் தப்பு எதனால் வரும் என்று விளக்கினேன். வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்துத் திண்ணையில் வலையோடு உட்கார்ந்திருந்தார். பையன் பக்கத்தில் சிலேட்டோடு. என்ன போட்டிருக்கிறான் என்று எட்டிப் பார்த்தேன்: 164.

நான் வாயைத் திறக்குமுன் அக்கா சொன்னார்: “கடன் வாங்குனது சரிடா. வாங்கினதுல ஒண்ணைப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்தியே, அது எங்க?”

பையன் சிலேட்டைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், நடுவில் இருந்த 6ஐ எச்சில் தொட்டு அழித்தான்.